மருத்துவ ஆய்வுகளை நம்பலாமா? கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த ஆர்ச்சி காக்ரேன்... யார் இவர்?

காலையில் ஃபோனைத் திறந்தால் காபி இதயத்துக்கு நல்லது என்று ஒரு ஆய்வு. சாயங்காலம் அதே காபி கெடுதல் என்று இன்னொரு ஆய்வு. எதைத்தான் நம்புறது?

இந்தக் குழப்பத்துக்கு மருத்துவ உலகம் கண்டுபிடித்த வழிதான் 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ'. தமிழில் முறையான தொகுப்பாய்வு என்று சொல்லலாம். ஒரு கேள்வி பற்றி உலகம் முழுக்க நடந்த எல்லா ஆய்வுகளையும் தேடிப்பிடித்து, தரம் பார்த்து, மொத்தமாக என்ன தெரிகிறது என்று சொல்வது. இந்த வேலையைச் செய்யும் உலகின் மிகப் பிரபலமான அமைப்புக்குப் பெயர் காக்ரேன். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரின் கதை இது.

பணக்கார வீட்டுப் பிள்ளை

ஆர்ச்சி காக்ரேன் பிறந்தது 1909 ஜனவரி 12, ஸ்காட்லாந்தின் கலாஷீல்ஸ் என்ற ஊரில். கம்பளித் துணி ஆலை நடத்திய வசதியான குடும்பம். ஆனால் அப்பா முதல் உலகப் போரில் பலியானபோது ஆர்ச்சிக்கு வயது எட்டுதான்.

கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தார். பிறகு தன்னுடைய உடல்நலப் பிரச்னை ஒன்றுக்காக மனப்பகுப்பாய்வு சிகிச்சை தேடி பெர்லின், வியன்னா என்று அலைந்தார். ஃபிராய்டின் சீடரான தியோடர் ரெய்க்கிடம் சில ஆண்டுகள் சிகிச்சை. பலன் பெரிதாக இல்லை. சோதித்துப் பார்க்காத எந்தக் கோட்பாட்டையும் அப்படியே நம்பக்கூடாது என்ற எண்ணம் அப்போதே அவருக்குள் விழுந்துவிட்டது.

லண்டனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர், 1936ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்ததும் படிப்பை நிறுத்திவிட்டு, காயம்பட்டவர்களைக் கவனிக்கும் தொண்டர் குழுவோடு கிளம்பினார். திரும்பி வந்து 1938ல் டாக்டர் ஆனார்.

சிறை முகாமில் ஒரு பரிசோதனை

இரண்டாம் உலகப் போர். பிரிட்டிஷ் ராணுவ டாக்டராக இருந்த காக்ரேன், 1941ல் கிரீட் தீவில் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டார். அடுத்த நான்கு வருஷம் போர்க் கைதி வாழ்க்கை.

முதலில் கிரீஸ் நாட்டின் சலோனிகா முகாம். பட்டினி போடாத குறைதான். கைதிகளுக்குக் கால் முட்டிக்கு மேல் வரை வீக்கம். அவருக்கும் அதே வீக்கம். காரணம் வைட்டமின் குறைபாடுதானா என்று சோதித்துப் பார்க்க முடிவு செய்தார்.

20 கைதிகளை இரண்டு அறைகளில் பத்துப் பத்துப் பேராகப் பிரித்தார். ஒரு அறைக்கு கள்ளச்சந்தையில் வாங்கிய ஈஸ்ட். இன்னொரு அறைக்கு வைட்டமின் சி மாத்திரை. நான்காவது நாள் ஈஸ்ட் அறையில் பத்தில் எட்டுப் பேர் உடம்பு தேவலை என்றார்கள். அடுத்த அறையில் ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. இந்தக் கணக்கை ஜெர்மன் அதிகாரிகளிடம் கொண்டுபோய் வைத்தார். சில நாட்களில் முகாமுக்கு ஈஸ்ட் வந்து சேர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது என்னன்னா, பிற்காலத்தில் இந்தச் சோதனையைக் கடுமையாக விமர்சித்தவர் காக்ரேனேதான். ஆள் எண்ணிக்கை குறைவு, கால அளவு குறைவு, அளந்த விதமும் சரியில்லை என்று தன் வேலையையே கிழித்துப் போட்டார். நல்லது நடந்தது என்பதற்காக ஆய்வு தரமானது என்று ஆகிவிடாது. ஒரு தொகுப்பாய்வைப் படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: உள்ளே சேர்த்த ஒவ்வொரு ஆய்வின் தரத்தையும் பார்த்தார்களா, இல்லை கிடைத்ததையெல்லாம் கூட்டிப் போட்டார்களா?

அழுகை நின்ற இரவு

பின்னர் ஜெர்மனியில் எல்ஸ்டர்ஹார்ஸ்ட் முகாம். ஒரு ராத்திரி, சாகும் நிலையில் ஒரு சோவியத் வீரரைக் கொண்டுவந்து போட்டார்கள். அவர் அலறிக்கொண்டே இருந்தார். நுரையீரல் உறையில் அழற்சி, அந்த வலிதான் என்று காக்ரேன் நினைத்தார். மார்பின் கிடையாது. ஆஸ்பிரின் வேலை செய்யவில்லை. அவர் மொழியும் யாருக்கும் தெரியாது.

வேறு வழி தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்து அந்த வீரரைக் கையில் அணைத்துக்கொண்டார் காக்ரேன். அலறல் உடனே நின்றது. சில மணி நேரம் கழித்து அவர் அமைதியாக இறந்துபோனார். அலற வைத்தது வலி இல்லை, தனிமை என்று அப்போதுதான் டாக்டருக்குப் புரிந்தது. தன் கணிப்பு தவறிப்போன வெட்கத்தில் இந்தச் சம்பவத்தை ரொம்ப காலம் அவர் வெளியே சொல்லவே இல்லை.

ஆதாரம் கேட்கும் மனுஷன் என்றால் ஈரம் இல்லாதவர் என்று நினைக்கிறோம் இல்லையா? காக்ரேன் ஆதாரம் கேட்டதே, டாக்டரும் தப்பு செய்வார் என்று நேரில் பார்த்ததால்தான்.

சுரங்கத் தொழிலாளர்கள் மத்தியில்

போருக்குப் பிறகு வேல்ஸ் நாட்டுக்குப் போனார். நிலக்கரித் தூசியால் தொழிலாளர்களுக்கு வரும் நுரையீரல் நோயை ஆராயும் வேலை. ரோண்டா பள்ளத்தாக்கில் வீடு வீடாக அலைந்து, ஊரில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களை எக்ஸ்ரேக்குக் கொண்டுவந்தது இவர் குழு.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? வராதவர்களை விட்டுவிட்டால் கணக்கே மாறிப்போகும். நடக்கவே முடியாத நோயாளியும் வந்திருக்க மாட்டார், வேலைக்குப் போன ஆரோக்கியமானவரும் வந்திருக்க மாட்டார். தொகுப்பாய்விலும் இதே ஆபத்து உண்டு. மருந்து வேலை செய்தது என்று சொல்லும் ஆய்வு சீக்கிரம் அச்சாகும். வேலை செய்யவில்லை என்ற ஆய்வு பல நேரம் அலமாரியிலேயே தூங்கும். அதனால் அடுத்த கேள்வி: வெளியாகாத ஆய்வுகளையும் தேடினார்களா?

ஒரே எக்ஸ்ரேயை இரண்டு டாக்டர்கள் பார்த்தால் இரண்டு விதமாகச் சொல்வார்கள் என்பதையும் அவர் ஆராய்ந்தார். இன்றைக்கு நல்ல தொகுப்பாய்வுகளில் எந்த ஆய்வைச் சேர்ப்பது, எதை விடுவது என்று குறைந்தது இருவர் தனித்தனியாக முடிவு செய்வார்கள். ஒருவர் மட்டும் செய்திருந்தால் கொஞ்சம் உஷாராக இருக்கணும்.

டாக்டர்களுக்கு வைத்த பொறி

மாரடைப்பு வந்தவரை மருத்துவமனையின் சிறப்புப் பிரிவில் வைப்பது நல்லதா, வீட்டிலேயே கவனிப்பது நல்லதா? பிரிட்டனில் இதற்கு ஒரு சோதனை நடந்தது. இடைக்கால முடிவில் மருத்துவமனைப் பக்கம் இறப்பு கொஞ்சம் அதிகம். ஆனால் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுதான்.

காக்ரேன் என்ன செய்தார் தெரியுமா? எண்களை வேண்டுமென்றே இடம் மாற்றி, வீட்டில்தான் இறப்பு அதிகம் என்று இதய நிபுணர்களிடம் காட்டினார். சோதனையை உடனே நிறுத்துங்கள், இது அநியாயம் என்று கொந்தளித்தார்கள். பிறகு உண்மையான எண்களை எடுத்து நீட்டினார். இப்போது சிறப்புப் பிரிவுகளை மூடிவிடலாமா என்று கேட்டார். அறையில் நிசப்தம்.

நமக்குப் பிடித்த முடிவு என்றால் கேள்வி கேட்காமல் ஏற்பதும், பிடிக்காத முடிவு என்றால் குறை தேடுவதும் எல்லாருக்கும் உள்ள பழக்கம். இதே முடிவு தலைகீழாக வந்திருந்தால் நம்புவேனா? படிக்கும்போது நம்மையே கேட்க வேண்டிய கேள்வி இது.

ஒரு லோகோவுக்குள் இருக்கும் உயிர்கள்

1972ல் அவர் எழுதிய சின்னப் புத்தகம் பிரிட்டன் மருத்துவ உலகை உலுக்கியது. 1979ல் இன்னொரு குற்றச்சாட்டு வைத்தார்: நடந்து முடிந்த சோதனைகளைத் துறைவாரியாகத் தொகுத்து, அவ்வப்போது புதுப்பிக்கும் வேலையை டாக்டர்கள் செய்யவே இல்லை.

அந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு சரி? கர்ப்பிணிக்குக் குறைமாதத்தில் பிரசவம் ஆகும்போல இருந்தால், விலை குறைந்த ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் முதிரும். இதைக் காட்டிய முதல் சோதனை 1972லேயே வெளியானது. அதன்பின் பல சோதனைகள் நடந்தன. ஆனால் அவற்றை முறையாகத் தொகுத்த ஆய்வு வெளிவந்தது 1989ல்தான். நடுவில் இருந்த வருஷங்களில் பெரும்பாலான டாக்டர்களுக்குப் பலன் தெரியவில்லை. பிழைத்திருக்கக்கூடிய எத்தனையோ குழந்தைகள் இறந்தன.

காக்ரேன் அமைப்பின் லோகோவில் இருப்பது இந்தக் கணக்குதான். படுக்கைக் கோடு ஒவ்வொன்றும் ஒரு சோதனை. கோடு நீளமாக இருந்தால் அந்த முடிவில் நிச்சயம் குறைவு என்று அர்த்தம். நடுவில் நிற்கும் செங்குத்துக் கோடு, வித்தியாசம் இல்லை என்பதைக் காட்டுகிறது. கீழே இருக்கும் வைர வடிவம் எல்லாவற்றையும் சேர்த்த முடிவு. வைரம் செங்குத்துக் கோட்டைத் தொடாமல் விலகி நின்றால் பலன் இருக்க வாய்ப்பு அதிகம். தொட்டால் அவசரப்பட்டு முடிவுக்கு வரக்கூடாது.

காக்ரேன் பார்க்காத காக்ரேன்

1988 ஜூன் 18ல் ஆர்ச்சி காக்ரேன் காலமானார். அவர் பெயரில் ஆக்ஸ்ஃபோர்டில் மையம் திறந்தது 1992ல். இயான் சால்மர்ஸ் முன்னெடுத்த அந்த முயற்சி 1993ல் உலகளாவிய அமைப்பாக மாறியது. தெற்காசியாவுக்கான காக்ரேன் பணிகள் நம்ம வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்து நடந்து வந்திருக்கின்றன. எளிய மொழிச் சுருக்கங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். சில தமிழிலும் உண்டு.

அடுத்த முறை ஆய்வில் நிரூபணம் என்ற தலைப்பைப் பார்த்தால் உடனே ஃபார்வேர்டு செய்யாதீர்கள். என்ன கேள்விக்குப் பதில் தேடினார்கள்? எல்லா ஆய்வையும் தேடினார்களா? தரம் பார்த்தார்களா? பணம் கொடுத்தது யார்? அந்த நோயாளிகள் நம்மைப் போன்றவர்களா? இந்த ஐந்தையும் கேட்டுப் பாருங்கள். பதில் கிடைத்தாலும் மருந்தை நீங்களாக மாற்றாமல், அந்தக் கேள்விகளோடு உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். தப்பு செய்யலாம் என்று தெரிந்த டாக்டர், கேள்வி கேட்டால் கோபப்பட மாட்டார்.