விளக்கு யாருக்கு?

மேல்நாட்டு ஏலக் கூடங்களில் சில பழைய விளக்குகளுக்கு இன்று பெரும் போட்டி நடக்கிறது. செம்பைத் தகடாக்கி, பூவிதழ் போல வளைத்து, பித்தளைத் தண்டிலே பொருத்திய விளக்குகள் அவை. நூறாண்டுகளுக்கு முன்பே லண்டன் பட்டறைகளில் உருவானவை. கலை-கைவினை இயக்கத்தின் அரும்பொருள்கள் என்று பட்டியலில் அச்சிட்டு விலை கூறுகிறார்கள். சீமான்கள் வாங்கிப்போய்க் கூடத்தில் மாட்டி அழகு பார்க்கிறார்கள்.

அந்த இயக்கத்துக்கு மூலவர் என்று போற்றப்படுபவர் வில்லியம் மாரிஸ். அவர் வரைந்த பூவும் கொடியும் உலகமெங்கும் தெரியும். ஆனால், அவர் தெருமுனையிலே நின்று பாட்டாளிகளுக்காகத் தொண்டை வறளப் பேசியவர் என்பது பலருக்குத் தெரியாது. அழகை எடுத்துக்கொண்டவர்கள், அந்த அழகு யாருக்கு என்று அவர் கேட்ட கேள்வியை மட்டும் விட்டுவிட்டார்கள். அந்தக் கேள்விதான் அவருடைய வாழ்க்கை. ஆகவே அந்த வாழ்க்கையைத் தோழர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

1834-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி, லண்டனை அடுத்த வால்தம்ஸ்டோவில் மாரிஸ் பிறந்தார். குடிசையிலே அல்ல, மாளிகையிலே! தந்தை லண்டன் பணச்சந்தையில் தரகர். டெவன் மாவட்டத்துச் செம்புச் சுரங்கம் ஒன்றில் அவர் பங்கு வாங்கியிருந்தார். சுரங்கத்தில் செம்பு வந்தது, பங்கின் விலை விண்ணுக்கு ஏறியது, குடும்பம் கொழித்தது. பூமிக்கடியில் இருட்டிலே கல்லுடைத்தவன் எவனோ, வெளிச்சத்திலே வாழ்ந்தவர்கள் இவர்கள்! மாரிஸ் பிற்காலத்தில் இதை மறைக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. அந்தச் சுரங்கக் கம்பெனியின் டைரக்டராகவும் சில ஆண்டுகள் இருந்தார். 1870-களின் நடுவிலே அந்தப் பதவியை உதறியபோது, கூட்டத்துக்கு அணிந்து சென்ற உயர்ந்த பட்டுத் தொப்பியின் மீது உட்கார்ந்து அதை நசுக்கிவிட்டார் என்று சொல்வார்கள்.

ஆக்ஸ்போர்டில் அவர் பாதிரியாராவதற்காகப் படிக்கப் போனார், கலைஞராகத் திரும்பினார். கட்டடக் கலைஞர் ஒருவரிடம் சில காலம் தொழில் பழகினார். 1859-ல் குதிரைலாயத் தொழிலாளி ஒருவரின் மகளான ஜேனை மணந்தார். நண்பர் பிலிப் வெப் அவருக்குச் சிவப்புச் செங்கல்லில் ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். குடிபுகுந்ததும் ஒரு தொல்லை. கடைகளில் கிடைத்த நாற்காலி, திரை, மெழுகுவத்தித் தண்டு எதுவும் மனதுக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் ஆலைச் சரக்கு. மேலே ஆடம்பரம், உள்ளே போலி. அப்படியானால் நாமே செய்தால் என்ன என்று நண்பர்கள் கூடினார்கள். 1861-ல் கம்பெனி பிறந்தது. மேசையும் வண்ணக் கண்ணாடியும் சுவர்த்தாளும் செய்தார்கள். மெழுகுவத்தித் தண்டுகளை வெப் வரைந்து கொடுத்தார்.

மாரிஸ் வரைந்து கொடுத்துவிட்டுக் கைகட்டி நிற்கும் முதலாளி அல்லர். சாயத் தொட்டியில் கைவிட்டு, முழங்கைவரை நீலமேறித் திரிந்தார். தறியில் அமர்ந்து நெய்யக் கற்றார். தெரியாத தொழிலைத் தொழிலாளியிடமே கேட்டுக் கற்றார். செய்கிறவனுக்கு மகிழ்ச்சி தராத வேலை, வாங்குகிறவனுக்கும் மகிழ்ச்சி தராது என்பது அவர் கண்ட உண்மை.

இந்தச் சூழலிலேதான் விளக்கு வருகிறது. மாரிஸ் விளக்குச் செய்தவரல்லர். அவர் ஊக்குவித்த இளைஞர் வில்லியம் பென்சன் அதைச் செய்தார். பென்சன் 1880 வாக்கில் லண்டன் ஹாமர்ஸ்மித்தில் உலோகப் பட்டறை தொடங்கினார். அது மண்ணெண்ணெயும் காஸும் எரிந்த காலம். மின்சார பல்பு அப்போதுதான் தலைகாட்டியது. பல்பை அப்படியே தொங்கவிட்டால் கண் கூசும். பென்சன், மெருகேற்றிய செம்பு இதழ்களை வளைத்து வைத்து, ஒளி அதில் பட்டுத் திரும்பி அறையெங்கும் மெல்லப் பரவும்படி செய்தார். சுடர் கண்ணைக் குத்தாது. செம்பின் நிறமேறி வெளிச்சம் இதமாக வரும். இயந்திரத்தையும் அவர் ஒதுக்கவில்லை. கடைசல் எந்திரமும் அழுத்து எந்திரமும் வைத்து விளக்கின் உறுப்புகளை நிறையச் செய்தார். 1887-ல் நியூ பாண்டுத் தெருவில் கடை திறந்தார். மாரிஸ் கம்பெனி அலங்கரித்த வீடுகளில் அந்த விளக்குகள் எரிந்தன.

எந்த வீடுகளில்? தோழர்களே, அதுதான் கேள்வி! சஸ்ஸெக்ஸில், லண்டன் வழக்கறிஞர் ஒருவருக்காக வெப் கட்டிய ஸ்டாண்டன் மாளிகையில் எரிந்தன. விளக்கைச் செய்தவனுடைய வீட்டில் எரியவில்லை. கையால் செய்தால் நாள் பிடிக்கும்; நாள் பிடித்தால் விலை ஏறும்; விலை ஏறினால் உழைப்பவன் வாங்க முடியாது. மக்களுக்காக அழகு என்று தொடங்கியவர், பணக்காரரின் சொகுசுக்கு ஏவல் செய்தே காலம் கழிகிறதே என்று உள்ளம் கொதித்தார். குற்றம் விளக்கின் வடிவத்தில் இல்லை. உழைப்பவன் உழைப்பை விற்று அரைவயிறு கழுவும் அமைப்பில் இருக்கிறது என்று தெளிந்தார்.

தெளிந்தவர் சும்மா இருக்கவில்லை. 1883-ல் சோஷலிஸ்டு இயக்கத்தில் சேர்ந்தார். மார்க்சின் மூலதனத்தைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்தார். 1884 இறுதியில் தோழர்களுடன் சோஷலிஸ்டு லீகை அமைத்தார். அடுத்த ஆண்டு அதன் பத்திரிகையைத் தொடங்கி, தாமே ஆசிரியராக இருந்து, தம் பணத்தையும் அதிலே கொட்டினார். பெயர்பெற்ற கவிஞர், ஐம்பது வயதைத் தாண்டியவர், பத்திரிகையைக் கையில் ஏந்தித் தெருவிலே விற்றார்.

1887 நவம்பர் 13. டிரபால்கர் சதுக்கம் நோக்கி ஊர்வலங்கள் வந்தன. போலீஸ் தடியால் அடித்து விரட்டியது; பட்டாளமும் இறக்கப்பட்டது. மாரிஸ் அந்த ஊர்வலத்தில் நடந்தார். அடுத்த ஞாயிறன்று ஆல்பிரட் லின்னல் என்னும் ஏழை, போலீஸ் குதிரையால் மிதிபட்டு, பின்னர் மாண்டார். டிசம்பரில் சவ ஊர்வலம் கிழக்கு லண்டனை அடைந்தபோது மழை, இருட்டிவிட்டது. ஒரு கைவிளக்கின் வெளிச்சத்தில்தான் அடக்கம் நடந்தது. சவப்பெட்டியைத் தாங்கியவர்களில் மாரிஸ் ஒருவர். கல்லறை அருகே நின்று பேசியவரும் அவர். செம்பு இதழ் விளக்குகளைவிட அந்தக் கைவிளக்கு நமக்கு மேலானது.

அதே கிழக்கு லண்டனில், 1888 ஜூலையில், தீக்குச்சித் தொழிற்சாலைப் பெண்கள் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். வெண்பாஸ்பரசின் புகையை மூச்சிலே இழுத்துத் தாடை எலும்பு அழுகிய பெண்கள்; எடுத்ததற்கெல்லாம் அபராதம் கட்டிய பெண்கள். அவர்களுக்காக எழுதியவர் அன்னி பெசன்ட். பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்த அதே அம்மையார். பெண்கள் வென்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில், அதே நகரத்தின் மேற்குப் பகுதியில், கலை-கைவினைச் சங்கத்தின் முதல் கண்காட்சி நடந்தது. அந்தச் சங்கத்தை நிறுவியவர்களில் பென்சனும் ஒருவர். ஓரிடத்தில் விளக்கின் அழகு. மற்றோரிடத்தில் அதை ஏற்றும் குச்சிக்காக அழுகிய தாடை. இரண்டையும் ஒருசேரப் பார்த்தால்தான் மாரிஸின் கோபம் புரியும்.

அவரிடம் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அவரும் கடைசிவரை கம்பெனி முதலாளியாகவே இருந்தார். இலாபத்தையெல்லாம் தொழிலாளருக்குப் பங்கிட்டுவிடலாமே என்று அப்போதே கேட்டார்கள். நல்ல கூலி கொடுத்தார், மூத்த பணியாளர் சிலருக்கு இலாபத்தில் பங்கும் தந்தார், அதற்குமேல் போகவில்லை. ஒரு பட்டறையைத் திருத்திவிட்டால் உலகம் திருந்திவிடாது, அமைப்பே மாறவேண்டும் என்பது அவர் சொன்ன சமாதானம். அதை ஏற்பவரும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. ஆனால் தம் வகுப்பு தமக்குத் தந்த சொகுசைக் காட்டிப் பிறர் வாயை அவர் அடைக்கவில்லை. அதைச் சாட்சியாக வைத்தே தம் வகுப்பைக் குற்றம் சாட்டினார்.

1890-ல் லீகிலிருந்து விலகினார்; இயக்கத்தை விடவில்லை. அந்த ஆண்டே வருங்காலச் சமுதாயத்தைக் கதையாகத் தீட்டினார். அதில் சலிப்பான வேலையை இயந்திரம் செய்கிறது. மகிழ்ச்சி தரும் வேலையை மனிதன் கையால் செய்கிறான். இயந்திரத்தின் எதிரி என்று அவரைப் பேசுவோர் இதை அறியவேண்டும். ஹாமர்ஸ்மித்தில் தம் வீட்டு வண்டிக்கொட்டகையையே கூட்ட மண்டபமாக்கினார். ஞாயிறுதோறும் அங்கே விளக்கேற்றித் தொழிலாளர் கூடி விவாதித்தார்கள்.

1896 அக்டோபர் 3-ந் தேதி, 62-ம் வயதில் மாரிஸ் மறைந்தார். பத்துப் பேர் செய்யும் வேலையை ஒருவரே செய்ததுதான் அவரைக் கொன்ற நோய் என்று ஒரு மருத்துவர் கருதினாராம். கெல்ம்ஸ்காட் கிராமத்தில், சாதாரணப் பண்ணை வண்டியில் அவர் உடலை எடுத்துச் சென்றார்கள். கம்பெனியின் பொறுப்பில் பிறகு முக்கிய இடம் பெற்றவர் விளக்குச் செய்த பென்சன்.

இன்று அந்த விளக்குகள் விலையேறிவிட்டன. கேள்வியோ அப்படியே நிற்கிறது. நெய்தவனுக்குத் துணியும், கட்டியவனுக்கு வீடும், விளக்கைச் செய்தவனுக்கு வெளிச்சமும் வேண்டும் என்பதற்காக ஒரு சீமான் வீட்டுப் பிள்ளை மழையிலும் இருட்டிலும் நின்றார். உழைப்பவன் வீட்டில் எரியும்போதுதான் அவர் விரும்பிய விளக்கு ஏற்றப்பட்டதாகும். அதை ஏற்றவேண்டிய கைகள் நம்முடையவை.