உடைந்த ஏடுகளும் உ.வே.சா.வும்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் பறித்த கொழுந்தை நிறுத்து, ஒவ்வொருவர் பெயருக்கு நேரே எடையைக் குறிப்பது பழைய வழக்கம். அந்த எண்ணை நம்பியே கூலி. முன்பு கிராணியார் பேரேட்டில் எழுதிய இத்தகைய கணக்குகள் இன்று கணினியின் தரவுத்தளத்தில் ஏறுகின்றன. அந்தக் கணினி ஒரு பிற்பகலில் பழுதாகிவிட்டால் காலையில் பறித்த கொழுந்தின் கணக்கு என்னவாகும்?

இரண்டு பொருள்கள் கைகொடுக்கும். ஒன்று, முதல் நாள் இரவு எடுத்து வேறோர் இடத்தில் வைத்த முழுப்படி. மற்றொன்று, அதன்பின் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் வரிசையாகக் குறித்து வந்த பதிவேடு. முழுப்படியை முதலில் நிறுவிவிட்டு, பதிவேட்டில் உள்ளவற்றை அதே வரிசையில் மீண்டும் ஏற்றுவார்கள். பாதியில் நின்றுபோன பதிவைச் சேர்க்கமாட்டார்கள். அதை ஊகத்தால் நிரப்பினால் யாரோ ஒருவரின் கூலி பிழையாகிவிடும்.

கணினி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, ஏறத்தாழ இதே வேலையைப் பனையோலைகளைக் கொண்டு செய்தவர் உ.வே. சாமிநாதையர். தமிழ்த் தாத்தா என்று நாம் அழைப்பவர் இவரே.

இவர் 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் தஞ்சை மாவட்டத்தில் பிறந்தார். தந்தை வேங்கடசுப்பையர் இசைவாணர், வருவாய் குறைவு. மகனுக்கோ தமிழின்மீது தீராத வேட்கை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்து, ஆசிரியர் 1876இல் மறையும்வரை அவரை நிழல்போல் தொடர்ந்தார். 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார்.

அதே ஆண்டு அக்டோபரில் சேலம் இராமசுவாமி முதலியார் என்ற நீதித்துறை அலுவலரைச் சந்தித்தார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். சாமிநாதையர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் வியக்கவில்லை. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. பின்னர் முதலியார் கொடுத்த படியைப் புரட்டியபோது, தமக்குத் தெரியாத ஒரு பெரும் தமிழுலகம் இருப்பதைச் சாமிநாதையர் உணர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25.

சிந்தாமணி சமணக் காப்பியம். அதன் சமயச் சொற்கள் விளங்காதபோது கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடிச் சென்று கேட்டுத் தெளிந்தார். ஒரு சுவடியை மட்டும் நம்பி நூலைப் பதிப்பிக்க அவர் விரும்பவில்லை. எழுதுவோர் கை தவறியிருக்கலாம். ஓலையைச் செல் அரித்திருக்கலாம். நடுவில் ஏடுகள் கழன்று போயிருக்கலாம். ஆனால் பல சுவடிகளில் ஒரே இடம் ஒரே விதமாகச் சிதைந்திருப்பது அரிது. ஆகவே ஊர் ஊராகச் சென்று சுவடிகளைச் சேர்த்து, அடிக்கு அடி ஒப்பிட்டார்.

சுவடிகளுக்கு அப்பால் இன்னொரு துணையும் இருந்தது. நச்சினார்க்கினியர் போன்ற பழைய உரையாசிரியர்கள் பாடலின் சொற்களை வரிசையாக எடுத்துப் பொருள் எழுதியிருந்தனர். மூலத்தில் ஒரு சொல் சிதைந்திருந்தாலும் உரை அதைக் காட்டிக்கொடுக்கும். வேறு நூல்களின் அடிகளும் அவ்வுரைகளில் மேற்கோளாக வந்தன. எந்த நூல் என்ற பெயர் பல இடங்களில் இல்லை. அந்த அடிகள் எங்கிருந்து வந்தன என்று தேடியதே அவரைச் சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது. தரவுத்தளத்தில் முழுப்படிக்குப் பதிவேடு எப்படியோ, மூலச்சுவடிக்கு உரை அப்படி.

1887இல் சிந்தாமணி வெளிவந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று நூல்கள் தொடர்ந்தன. இப்பணியில் அவர் தனியாள் அல்லர். யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம் பிள்ளையும் அதே காலத்தில் கலித்தொகை முதலிய நூல்களை அச்சேற்றினார்.

எல்லாப் பயணமும் பயன் தரவில்லை. பாண்டிய மன்னர் காலத்துச் சுவடிகள் இருக்கும் என்று நம்பிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்றார். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்கே அறிந்தார். ஒரே படிதான் இருந்தது என்றால், அது எரிந்தபின் மீட்பதற்கு வழியே கிடையாது.

கேமரன் மலை போன்ற மலைநிலத்தைச் சங்கப் புலவர்கள் குறிஞ்சி என்றனர். பத்துப்பாட்டில் ஒன்றான குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறார். அந்த வரிசையில் சில பெயர்கள் சாமிநாதையரிடம் இருந்த சுவடிகளில் விடுபட்டிருந்தன. அவரே செய்யுள் இயற்றும் ஆற்றல் உடையவர். ஓசை பொருந்த இரண்டு பூக்களின் பெயரை இட்டு நிரப்பியிருந்தால் கண்டுபிடிப்பவர் எவரும் இருந்திருக்கமாட்டார். அவரோ தருமபுரம் மடத்தின் சுவடிக் குவியலில் தேடினார். குறிஞ்சிப்பாட்டு ஏடு அங்கே இருந்தது. விடுபட்ட மலர்களும் அதில் இருந்தன.

1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி, 1919இல் ஓய்வு பெற்றார். 1906இல் மகாமகோபாத்தியாய பட்டமும் 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் கிடைத்தன. கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்ற 1929இல் அவருக்கு 74 வயது. அதன்பின்னும் சுவடிகளைக் கீழே வைக்கவில்லை. அவருடைய குறுந்தொகைப் பதிப்பு வந்தது 1937இல்.

1942ஆம் ஆண்டு, மலாயாவைப் போர் சூழ்ந்திருந்த காலத்தில், சென்னையிலும் அச்சம் பரவியது. அவர் திருக்கழுக்குன்றத்திற்குக் குடிபெயர்ந்தார். ஏப்ரல் 28ஆம் நாள் அங்கேயே காலமானார். அவர் சேர்த்த சுவடிகளுக்காக மறு ஆண்டு சென்னையில் அவர் பெயரால் ஒரு நூல்நிலையம் அமைந்தது.

எவ்வளவு தேடியும் கிடைக்காத பகுதிகளும் உண்டு. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. புறநானூற்றில் 266ஆம் பாடலை அடுத்து நாம் படிப்பது 269ஆம் பாடல். இடையில் இருந்த இரண்டு பாடல்களின் எண்கள் அவற்றுக்காக இன்றும் காத்திருக்கின்றன.