கூரையில் தொங்கிய திமிங்கிலம்

தேக்காவிலிருந்து பிராஸ் பாசா வழியாக நடந்து ஸ்டாம்ஃபர்ட் சாலையை அடைந்தால், குவிமாடம் கொண்ட பழைய வெள்ளைக் கட்டடம் ஒன்றைக் காணலாம். இன்று தேசிய அரும்பொருளகமாக விளங்கும் அது, முன்பு ராஃபிள்ஸ் அரும்பொருளகம் என்று அழைக்கப்பட்டது. 1907ஆம் ஆண்டு முதல் பல தலைமுறைப் பிள்ளைகள் அங்கே அண்ணாந்து பார்த்து வியந்தது, கூரையிலிருந்து தொங்கிய ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை! அப்போது அரும்பொருளகத்தின் பொறுப்பில் இருந்தவர் டாக்டர் கார்ல் ரிச்சர்ட் ஹானிட்ஷ்.

ஹானிட்ஷ் 1860இல் ஜெர்மனியில் பிறந்தார். யேனா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றபின், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பணிபுரிந்துகொண்டே கடற்பஞ்சுகளை ஆராய்ந்தார். 1895இல் அரும்பொருளகக் காப்பாளராகச் சிங்கப்பூருக்கு வந்தார்.

திமிங்கிலம் அவருக்கு முன்பே வந்துவிட்டது. 1892இல் மலாக்காவுக்கு அருகில் உள்ள கடற்கரையில் அது ஒதுங்கியது. மலாக்காவும் சிங்கப்பூரும் அப்போது ஒரே ஆட்சியின்கீழ் இருந்ததால், எலும்புகள் இங்கு அனுப்பப்பட்டன. ஆனால், 42 அடி நீள எலும்புக்கூட்டை எங்கே வைப்பது? இடமில்லாமல் எலும்புகள் பல ஆண்டுகள் கிடங்கிலேயே கிடந்தன. கட்டடம் விரிவாக்கப்பட்ட பிறகே அவை ஒன்றாகப் பொருத்தப்பட்டன.

அக்காலத்தில் திமிங்கிலத்தைப் பின்தொடரும் செயற்கைக்கோள் கருவிகள் இல்லை. எந்தக் கடலில் எந்த வகை வாழ்கிறது என்பதை அறிய, கரை ஒதுங்கிய உடல்கள் பெரிதும் உதவின. மண்டையோட்டின் வடிவமும் முள்ளெலும்புகளும் அதன் வகையைக் காட்டும். ஆனால், அது கிடைத்த இடமும் நாளும் எழுதி வைக்கப்படாவிட்டால் அது வெறும் எலும்புதான். ஹானிட்ஷ் இதை நன்கு உணர்ந்தவர். விலங்குகளை வகைப்படுத்திப் பெயரிட்ட அவர், 1908இல் அத்தொகுப்புக்கு ஒரு வழிகாட்டி நூலையும் வெளியிட்டார். பார்வையாளர்கள் திமிங்கிலத்தைப் பார்த்தார்கள். அவர் குறிப்புச்சீட்டுகளைப் பார்த்தார்.

1919இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து சென்ற ஹானிட்ஷ், அங்கே தேர்ந்தெடுத்த ஆய்வுப்பொருள் என்ன தெரியுமா? கரப்பான்பூச்சி! 1940இல் அவர் காலமானார்.

1974இல் அந்த எலும்புக்கூடு மலேசியாவுக்கு வழங்கப்பட்டது. இப்போது அது லாபுவான் தீவில் இருக்கிறது. சிங்கப்பூரில் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் பலர் அந்த இழப்பை நெடுநாள் மறக்கவில்லை.

2015 ஜூலை 10ஆம் தேதி, ஜூரோங் தீவுக்கு அருகில் 10.6 மீட்டர் நீளமுள்ள பெண் எண்ணெய்த் திமிங்கிலம் ஒன்று இறந்து மிதந்தது. லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தினர் துர்நாற்றத்தைப் பொருட்படுத்தாமல் உடலை அறுத்து ஆராய்ந்தனர். முதுகில் கப்பல் மோதியது போன்ற ஆழமான காயம் இருந்தது. வயிற்றில் கணவாய்களின் அலகுகளோடு ஞெகிழிக் குவளையும் கிடந்தது. கப்பல்கள் எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும், எந்தக் குப்பை கடலில் சேரக்கூடாது என்று முடிவு செய்ய இத்தகைய பதிவுகள் தேவைப்படுகின்றன. கண்டெடுத்த இடத்தையும் நாளையும் குறித்துவிட்டு, எலும்புகளைத் தூய்மைப்படுத்தினார்கள். 2016 முதல் அந்த எலும்புக்கூடு கூரையிலிருந்து தொங்குகிறது.