பிஞ்சுகளின் இரத்தத்தில் கண்ட உண்மை

காசநோய்க் கிருமியை 1882இல் கண்டுபிடித்தவர் என்றே ராபர்ட் கோக் நமக்கு அறிமுகம். 1843இல் ஜெர்மனியில் பிறந்த அந்த மருத்துவர், 1899இல் மலேரியாவை ஆராய நம் அண்டைத் தீவான ஜாவாவுக்கும் பிறகு நியூகினிக்கும் சென்றார். ஊர் ஊராக மக்களின் இரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தார். மலேரியா ஓயாத கிராமங்களில் குழந்தைகளின் இரத்தத்தில் கிருமிகள் மலிந்திருந்தன, பெரியவர்களிடம் அரிது. கடித்தவை என்னவோ அதே கொசுக்கள்தாம்! பலமுறை நோய்கண்டு பிழைத்த உடல் எதிர்ப்பாற்றல் பெறுகிறது என்று கோக் முடிவுசெய்தார். அது வருவதற்குள் மாண்ட பிஞ்சுகள் எத்தனையோ. ஆனாலும் அவர் நம்பியது கொயினா மருந்தைத்தான். 1910இல் காலமானார். கிருமியின் புரதம் ஒன்றைக் காட்டி எதிர்ப்பு அணுக்களைப் பழக்கும் தடுப்பூசியைக் குழந்தைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 2021இல்.