கலைப்பொருட் செல்வர் மூன்றாம் சாலார் ஜங்

ஐதராபாத் நகரில் மூசி ஆற்றின் தென்கரையில் நிற்கும் சாலார் ஜங் அருங்காட்சியகத்தைக் காணாமல் அந்நகரை விட்டுத் திரும்புவோர் குறைவு. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கலைப்பொருட்கள் அங்கே உள்ளன. ஒன்பதாயிரத்தை எட்டும் கையெழுத்துச் சுவடிகள் வேறு. அரசன் ஒருவன் வென்று கொணர்ந்த செல்வமோ, அரசாங்கம் அகழ்ந்து எடுத்த புதையலோ அன்று அது. பெரும்பகுதி ஒரு தனி மனிதர் தம் கைப்பொருளைச் செலவிட்டு முப்பத்தைந்து ஆண்டுக்காலம் தேடித் தேடிச் சேர்த்தது. அவர் பெயர் மீர் யூசுப் அலி கான். மூன்றாம் சாலார் ஜங் என்பது அவர் பெற்ற பட்டம்.

அவர் பிறந்த குடி நிசாம் மன்னர்களுக்குப் பரம்பரையாகத் திவான்களைத் தந்த குடி. பாட்டனார் மீர் துராப் அலி கான், முதலாம் சாலார் ஜங், 1853 முதல் 1883இல் மறையும் வரை முப்பது ஆண்டுகள் திவானாக இருந்து, கடனில் மூழ்கிக் கிடந்த ஐதராபாத் அரசைக் கரையேற்றியவர். வரி வசூலைக் குத்தகைக்கு விடும் முறையை ஒழித்து மாவட்ட ஆட்சி முறையைக் கொணர்ந்த பெருமை அவருடையது. 1876இல் உரோம் நகர் சென்றபோது, முகத்திரை அணிந்த ரெபெக்காவின் பளிங்குச் சிலையை வாங்கி வந்தவரும் அவரே. கல்லிலே மெல்லிய துணியின் மடிப்பை வடித்துக் காட்டும் பென்சோனியின் அச்சிற்பம் இன்றும் அருங்காட்சியகத்தின் புகழுக்கு ஒரு காரணம். பொருள் சேர்க்கும் நாட்டம் பேரருக்கு இரத்தத்திலேயே வந்தது எனலாம்.

இரண்டாம் சாலார் ஜங் மீர் லாயிக் அலி கானும் சில ஆண்டுகள் திவானாக இருந்தார். அவருடைய ஒரே மைந்தராக யூசுப் அலி கான் 1889 ஜூன் 13ஆம் நாள் பூனாவில் பிறந்தார். பிள்ளை பிறந்து ஒரு மாதம்கூட நிறைவு பெறவில்லை; தந்தை மறைந்தார். தொட்டிலில் கிடந்த குழந்தைக்குப் பெரும் ஜாகீரும் அரண்மனையும் உரிமையாயின. ஆறாம் நிசாம் மஹபூப் அலி கான் அக்குடும்பத்தின் மீது பரிவு கொண்டு, பிள்ளையின் வளர்ப்பும் கல்வியும் குறைவுறாது நடக்கச் செய்தார்.

1911இல் மஹபூப் அலி கான் காலமாக, உஸ்மான் அலி கான் ஏழாம் நிசாமாக அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே இருபத்து மூன்று வயது இளைஞரான யூசுப் அலி கானைத் தம் திவானாக அமர்த்தினார். பாட்டனார் முப்பது ஆண்டுகள் வீற்றிருந்த ஆசனத்தில் பேரர் இரண்டரை ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1914 நவம்பரில் பதவியினின்றும் விலகினார். மன்னருக்கும் அவருக்கும் மனம் ஒத்துப் போகவில்லை என்பர். அதன் பின் ஐந்தாண்டுக்காலம் திவான் என்று எவரையும் அமர்த்தாமல் நிசாமே நேரில் ஆட்சி நடத்தினார் என்பதையும் சேர்த்து எண்ணினால், குறை யாருடையது என்று தீர்ப்புச் சொல்வது எளிதன்று. இருபத்தைந்து வயதில் அரசியல் வாழ்வு முடிந்தது. அதற்குப் பின் அவர் எந்தப் பதவியையும் நாடவில்லை, திருமணமும் செய்துகொள்ளவில்லை.

திவான் தேவ்டி என்னும் குடும்ப மாளிகை அதன் பின்னரே நிறையத் தொடங்கிற்று. பழம்பொருள் வணிகர்கள் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்து அவர் வாயிலில் காத்திருந்தனர். வெளிநாடுகளில் அவருக்கு முகவர்கள் இருந்தனர். அவரும் ஐரோப்பாவுக்கும் மேலை ஆசிய நாடுகளுக்கும் பயணம் செய்து தாமே தேடி வாங்கினார். பாரசீகக் கம்பளம், சீனப் பீங்கான், பச்சை மணிக்கல்லில் செதுக்கிய கிண்ணம், பிரெஞ்சு மரச்சாமான், கைத்தடி, கடிகாரம், குழந்தைகள் விளையாட்டுப் பொம்மை என்று எதையும் அவர் ஒதுக்கவில்லை. புலவர்களும் எழுத்தாளர்களும் அவர் அவையில் ஆதரவு பெற்றனர். நூல்கள் அச்சேறப் பொருளுதவி பெற்றனர்.

தேர்ந்து வாங்கும் நுட்பம் அவருக்குக் குறைவு என்று சொல்லும் கலை அறிஞர்கள் உண்டு. ஐரோப்பிய ஓவியப் பகுதியில் புகழ்பெற்ற ஓவியங்களின் படிகள் கலந்திருப்பதை அவர்கள் சுட்டுவர். குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும் நுட்பம் மிகுந்த ஒருவர் சேர்த்திருந்தால் ஓவியமும் சிலையும் மட்டுமே அம்மாளிகையில் இருந்திருக்கும். வெற்றிலைப் பெட்டியும் உக்காவும் மூக்குப்பொடிக் குப்பியும் கலைப்பொருள்கள் என்று 1920ஆம் ஆண்டுகளில் எத்தனை பேர் கருதினார்கள்? வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான் என்று பிறர் கழித்தவற்றை அவர் காசு கொடுத்து வாங்கினார். அந்தப் பகுதியைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசுவது தகும்.

அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய புகையிலை போர்த்துக்கீசியர் கப்பல்களில் மேற்குக் கரைக்கு வந்து, தக்காணத்தில் வேரூன்றி, அங்கிருந்தே வடக்கே சென்றது. அக்பரின் தூதராக பீஜப்பூர் சென்ற அசத் பேக், மணி பதித்த குழலும் புகையிலையுமாக 1604ஆம் ஆண்டை ஒட்டி ஆக்ரா திரும்பி மன்னர் முன் வைத்தார். அக்பர் ஓரிரு முறை இழுத்துப் பார்த்தார். அரண்மனை மருத்துவர் தடுத்தார். மன்னர் விட்டுவிட்டார், பிரபுக்கள் பற்றிக்கொண்டனர். மகன் ஜஹாங்கீர் 1617இல் தடை விதித்தும் பயனில்லை. நீரின் வழியே புகையைச் செலுத்தும் உக்காவைக் கண்டுபிடித்தவர் ஹக்கீம் அபுல் பத்ஹ் கீலானி என்றொரு வழக்கு உண்டு; அவர் 1589லேயே மறைந்துவிட்டார் ஆதலின் காலக்கணக்கு இடிக்கிறது. பெயர் தெரியாத யாரோ ஒருவர் தேங்காய்ச் சிரட்டையில் நீர் ஊற்றி மூங்கில் குழல் செருகியதே உக்காவின் தொடக்கமாக இருத்தல் கூடும். மேலை ஆசியாவில் அதற்கு வழங்கும் நார்கிலே என்னும் பெயர் நாரிகேளம் என்னும் சொல்லின் வழி வந்ததே. நம் மொழியும் இத்துறைக்கு ஒரு சொல்லைக் கொடுத்திருக்கிறது. சுருட்டு என்னும் தமிழ்ச் சொல்தான் ஆங்கிலத்தில் செரூட் ஆயிற்று. திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலைக் கொண்டு குற்றவாளியை அடையாளம் காணும் துப்பறிவாளரைக் கோனன் டாயில் 1887லேயே படைத்துவிட்டார். சீனிச்சர்க்கரைப் புலவரோ புகையிலையையே தூது விட்டார்; அந்நூலைத் தேடி அச்சிட்ட உ.வே.சா.வுக்கும் அப்பொருள் இழிவாகத் தோன்றவில்லை.

அரசவையில் உக்கா வெறும் புகைக்கருவியாக இருந்ததில்லை. மன்னர் தம் உக்காவை ஒருவரிடம் நீட்டினால் அது பெரும் மதிப்பு. விருந்தினர் தத்தம் வாய்முனையைத் தாமே கொண்டு செல்வர். கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலேயரும் பதினெட்டாம் நூற்றாண்டில் இவ்வழக்கத்துக்கு ஆட்பட்டனர். வாரன் ஹேஸ்டிங்ஸ் வீட்டு விருந்துக்கு வேறு பணியாள் எவரும் வர வேண்டாம், உக்காபர்தார் மட்டும் வரலாம் என்று அழைப்பிதழில் குறித்தார்கள். தரையில் வளைந்து கிடக்கும் ஒருவருடைய உக்காக் குழலைத் தாண்டிச் செல்வது அவரை அவமதிப்பதாகும் என்ற கட்டுப்பாடும் இருந்தது.

இத்தகைய உக்காக்களின் அடிக்குடங்களைப் பித்ரி வேலைப்பாட்டில் செய்வது தக்காணத்தின் தனிச் சிறப்பு. பீதர் நகரின் பெயரே தொழிலின் பெயராயிற்று. துத்தநாகம் மிகுதியாகவும் செம்பு சிறிதாகவும் கலந்த உருக்கை மண் அச்சில் வார்ப்பர். வார்த்ததை அரத்தால் தேய்த்து, மயில்துத்தக் கரைசலைப் பூசித் தற்காலிகமாகக் கறுக்கச் செய்வர். கீறும் கோடு தெரிய வேண்டும் என்பதற்காக. பின் கூரிய உளியால் கொடியும் பூவும் செதுக்கி, அப்பள்ளங்களில் வெள்ளிக் கம்பியையும் தகட்டையும் அடித்து இறுக்குவர். மீண்டும் தேய்ப்பர். இந்நிலையில் பாத்திரம் முழுதும் ஒரே வெளுப்பு. வேலைப்பாடு கண்ணுக்கே புலப்படாது. இறுதியாகப் பீதர் கோட்டைக்குள் கிடைக்கும் பழைய மண்ணை நவச்சாரத்தோடு குழைத்து, பாத்திரத்தைச் சூடாக்கிப் பூசுவர். துத்தநாகம் மட்டும் கன்னங்கரேல் என மாறும். வெள்ளி மாறாது. கழுவி எண்ணெய் தடவியதும் கரிய வானில் நிலவொளி தெளித்தாற்போல் கொடிகள் எழுந்து நிற்கும். பாட்டெழுதும் கை பழகியவர் எவரும் அந்தக் கடைசி நொடியைப் பார்த்தால் எளிதில் மறக்கமாட்டார்.

முற்கால உக்காக்குடம் உருண்டை வடிவினது. உருளாதிருக்க வளையத்தின் மேல் அமர்த்துவர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அகன்ற அடியுடைய மணி வடிவம் பரவிற்று. வடிவத்தைக் கொண்டே ஏறத்தாழக் காலத்தைச் சொல்லிவிடலாம். சாலார் ஜங் சேர்த்த பித்ரிப் பொருட்களில் இத்தகைய உக்காக்குடங்கள் உள்ளன. வெற்றிலைப் பெட்டிகளும் உள்ளன. சீனப் பகுதியில் உள்ள மூக்குப்பொடிக் குப்பிகள் மற்றொரு விந்தை. உள்ளங்கையில் அடங்கும் குப்பி. மூடியோடு இணைந்த சிறு கரண்டி. இவ்வகைக் குப்பிகளில் சிலவற்றுக்குச் சீனக் கைவினைஞர், வளைந்த மயிரிழைத் தூரிகையைக் கழுத்து வழியே நுழைத்து, கண்ணாடியின் உட்புறத்திலே மலையும் மரமும் தீட்டினர். எழுத்தையும் தலைகீழ் முறையில் எழுதினர்.

வெற்றிலைப் பெட்டி என்றதும் லால்பேட்டை நினைவுக்கு வராமல் போகாது. வீராணத்து நீரில் கொடிக்கால் வளர்த்து வெற்றிலை கட்டி அனுப்பிய ஊர் இது. ஊரின் பெயரைச் சுமந்த லால்கான் ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியோடு தொடர்புடையவர் என்பது இவ்வூர் வழக்கு. அந்த நவாப் அன்வருத்தீனை ஆர்க்காட்டுக்கு அனுப்பியவரோ முதலாம் நிசாம் ஆசப் ஜா. தக்காணத்துப் பித்ரிப் பெட்டியும் கொள்ளிடக் கரை வெற்றிலையும் அவ்வளவு தொலைவில் இருந்தவை அல்ல.

சாலார் ஜங் வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் உக்காவின் மதிப்பு தேய்ந்துவிட்டது. அதே ஐதராபாத்தில் வஜீர் சுல்தான் நிறுவனத்தார் சார்மினார் சிகரெட்டைச் செய்து விற்கத் தொடங்கியிருந்தனர். நிலக்கரித் துண்டை ஊதி, தண்ணீர் மாற்றி, குழலைத் துடைத்து வைக்க ஓர் ஆளை அமர்த்த வேண்டிய கருவியோடு, தீக்குச்சி ஒன்றில் முடியும் வேலை போட்டியிட்டால் எது வெல்லும்? பழைய பிரபு வீடுகள் நொடித்து, பாத்திரங்கள் எடைக்கு விலையாயின. வெள்ளியைச் சுரண்டி எடுத்துக்கொண்டு உடலைக் கழிவு உலோகமாகப் போட்டவர்களும் இருந்திருப்பர். திவான் தேவ்டிக்குள் நுழைந்தவை அந்தக் கதியினின்றும் தப்பின. (புகைப்பழக்கத்துக்கு இது பரிந்துரை ஆகாது. வாளைக் காப்பாற்றியவர் கொலைக்குத் துணை போனவர் ஆவாரா?)

அவருடைய கடைசி ஆண்டு ஐதராபாத்தின் வரலாறு புரண்ட ஆண்டு. 1948 செப்டம்பரில் இந்தியப் படை நுழைந்து நிசாமின் தனியாட்சி முடிவுற்றது. பிரான்சு மன்னர் பதினாறாம் லூயி திப்பு சுல்தானுக்கு அளித்தவை என்று சொல்லப்படும் தந்த நாற்காலிகளே அவர் கடைசியாகச் சேர்த்தவை என்பர். 1949 மார்ச் 2ஆம் நாள் தம் அறுபதாம் வயதில் அவர் காலமானார். தாய்ரா மீர் மோமின் அடக்கத்தலத்தில் முன்னோர் அருகே அடக்கம் செய்யப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் ஐதராபாத் ஜாகீர்கள் அனைத்தும் ஒழிக்கப்பட்டன. இன்னும் சில திங்கள் இருந்திருந்தால், இத்தனை பொருளையும் வாங்கத் துணை நின்ற வருவாய் போவதை அவர் தம் கண்ணாலேயே கண்டிருப்பார்.

பிள்ளை இல்லை. உயிலும் தெளிவாக இல்லை. உறவினர் பலர் உரிமை கோரினர். அறைதோறும் குவிந்து கிடந்த பொருள்கள் பங்கு போடப்பட்டுச் சந்தைக்குப் போகும் நிலை உண்மையிலேயே நேர்ந்தது. அரசு ஒரு குழுவை அமைத்துத் தோட்டத்தைக் கைப்பொறுப்பில் எடுத்தது. அன்றைய ஐதராபாத் நிருவாகத் தலைவர் வெல்லோடி, இவற்றை ஓர் அருங்காட்சியகமாக ஒழுங்கு செய்து தரும்படி ஜேம்ஸ் கசின்ஸை அழைத்தார்.

அழைக்கப்பட்டவர் ஒரு கவிஞர். பெல்பாஸ்டில் பிறந்து அயர்லாந்தின் இலக்கிய மறுமலர்ச்சியில் பங்கு கொண்டு, 1915இல் அன்னி பெசன்ட் அம்மையாரின் அழைப்பில் சென்னை வந்து, மதனப்பள்ளிக் கல்லூரியை நடத்தியவர். தாகூர் 1919இல் ஜனகணமன பாடலை ஆங்கிலமாக்கியது அவர் விருந்தினராக அங்கே தங்கியபோதுதான். மைசூரிலும் திருவனந்தபுரத்திலும் ஓவியக் கூடங்கள் அமைந்ததில் அவர் பங்கு பெரிது. எழுபதைக் கடந்த வயதில் அவர் திவான் தேவ்டியின் அறைகளுக்குள் நுழைந்தார். பட்டியல் இல்லாத அந்தக் குவியலை வகை பிரித்து அறை அறையாக வைத்தார். 1951 டிசம்பர் 16ஆம் நாள் பிரதமர் நேரு அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். உரிமையாளர்கள் பின்னர் உடன்பாட்டுக்கு வந்து தொகுப்பை நாட்டுக்கு விட்டுக் கொடுத்தனர். 1961இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. 1968இல் இன்றைய கட்டடத்துக்கு மாறியது.

அங்கே ஒவ்வொரு மணிக்கும் இசைக் கடிகாரத்தின் முன் கூட்டம் சேர்கிறது. சிறு பொம்மை ஒன்று கதவைத் திறந்து வந்து மணியடித்துத் திரும்பும். நண்பகலில் பன்னிரண்டு முறை அடிப்பதைப் பார்க்க இடம் பிடிப்பார்கள். பித்ரிப் பொருட்களின் அறையில் அவ்வளவு நெரிசல் இல்லை. துணியும் தோலும் சுற்றிய குழல்கள் மக்கிப் போகும் இயல்பின. தீ வைக்கும் சிலும்பி மண்ணால் ஆனது, எளிதில் உடையும். பழைய உக்காக்களில் பெரும்பாலும் எஞ்சுவது அடிக்குடம் மட்டுமே. கரிய உடலில் வெள்ளிக் கொடி ஓட, பூச்சாடி என்று பார்ப்பவர் மயங்கும்படி அவை கண்ணாடிப் பேழைக்குள் நிற்கின்றன.