கண்ணாடி ஆறும்வரை பொறுத்திருந்தவர்

யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தவர் என்று பாடப்புத்தகத்தில் படித்த வில்லியம் ஹேர்ஷல், போரால் ஊரை விட்டுப் போனவர் என்பது எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது.

1738இல் ஜேர்மனியின் ஹனோவரில் பிறந்தார். தந்தையைப் போலவே இராணுவ இசைக்குழுவில் வாசித்தார். 1757இல் ஹஸ்தன்பெக் சமரில் பிரெஞ்சுப் படை வென்றதும், பெற்றோர் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினர். இலண்டனில் இசைத் தாள்களைப் பார்த்தெழுதிக் கொடுத்து வயிற்றைக் கழுவினார்.

பின்னர் பாத் நகரில் தேவாலயமொன்றில் ஓர்கன் வாசித்தார். விருப்பம் வானத்தில் விழுந்தது. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்துத் தொலைநோக்கிக் கண்ணாடிகளைத் தானே செய்தார். கையெடுக்காமல் மெருகேற்றிய வேளைகளில் தங்கை கரோலின் உணவூட்டினார். 1781 மார்ச் 13இல், சுமார் 16 சென்ரிமீற்றர் அகலமான கண்ணாடியில் யுரேனஸ் தெரிந்தது.

என்னை அதிகம் ஈர்த்தது 1803இல் வெளியான அவரது கட்டுரை. வீட்டுச் சூட்டிலிருந்து குளிருக்குள் கொண்டுவந்த தொலைநோக்கி உடனே தெளிவாகக் காட்டாது. வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு அது வரவேண்டும் என்று தன் இரவுக் குறிப்புகளைக் கொண்டு விளக்கினார். சூடான கண்ணாடியின் முன்னால் காற்று அலையும். வியாழனின் பட்டிகள் கலங்கிவிடும். இன்று கோள்களைப் படம்பிடிக்கும் ஆர்வலர்கள் கண்ணாடியின் பின்னால் சிறு மின்விசிறி பூட்டுவது இதற்காகத்தான்.

ஹேர்ஷலிடம் விசிறி இல்லை, பொறுமை இருந்தது. 1822இல் அவர் இறந்தபோது, ஏதுமற்று வந்திறங்கிய நாட்டின் வானியல் சங்கத்துக்கு அவரே முதல் தலைவராகியிருந்தார்.