உபதேசியாரைக் குருவாக்கிய அசரியா

கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் ஊர்களில், மழையை நம்பி வாழும் தலித் மக்களின் தெருக்களில் சிறு ஆலயங்கள் நிற்கின்றன. சாவென்றாலும் நோயென்றாலும் அங்கே முதலில் வந்து நிற்பவர் உபதேசியார். திருவிருந்துக்கோ சேகர குருவானவர் வரும்வரை சபை காத்திருக்க வேண்டும். மக்களோடு வாழும் உபதேசியாரையே குருத்துவத்திற்குப் பயிற்றுவித்தால் என்ன? இக்கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே செயலால் விடையளித்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1874இல் திருச்செந்தூர் வட்டாரத்து வெள்ளாளன்விளையில், நாடார் குடும்பத்தில், ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் அவர். திருநெல்வேலிச் சபைகளின் காணிக்கையால் இயங்கிய அச்சங்கம், நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல்லில் பணி தொடங்கியது. 1909இல் குருப்பட்டம் பெற்று அவரும் அங்கே சென்றார். 1912 டிசம்பர் 29 அன்று தோர்ணக்கல் அத்தியட்சரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பொறுப்பேற்ற முதல் இந்தியர் அவரே.

அவருடைய சபையினரில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். பட்டதாரிகள் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. ஊர்களில் கற்பித்துத் தேர்ந்த உபதேசியார்களைக் குருத்துவப் பயிற்சிக்கு அழைத்தார். பாடம் தெலுங்கில் நடந்தது. மனைவியரும் உடன் பயின்றனர். உடலுழைப்பும் பயிற்சியில் அடங்கியது. ஊருக்குள் நுழைய மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் பீடத்தில் நின்று திருவிருந்து வழங்கினர். 1930களில் தலித் மக்களின் மதமாற்றத்தைக் காந்தி கேள்விக்குள்ளாக்கியபோது, தம் சமயத்தைத் தாமே தெரிவுசெய்ய அம்மக்கள் வல்லவர்கள் என்ற நிலையில் அசரியா உறுதியாக நின்றார்.

அவர் பணிக்கும் எல்லை இருந்தது. மாலா, மாதிகா பிளவு திருச்சபைக்குள்ளும் தொடர்ந்தது. தலைமைப் பீடத்தில் இருந்தவர் தலித் அல்லர். 1945 ஜனவரி 1 அன்று அவர் மறைந்தார்.

ஐந்தாண்டு கழித்து வந்த 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதியை மறுத்தது. மதம் மாறினாலும் சாதி விடுவதில்லை என்பதே அதற்கெதிரான நம் வாதம். திருச்சபைக்குள் நிலவும் பாகுபாடே அதற்குச் சான்றாக நிற்பது வேதனை. ஆகவே அரசிடம் நியாயம் கேட்கும் நாம், திருமண்டலங்களிடமும் கணக்குக் கேட்கிறோம்: இறையியல் கல்லூரிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களில் கரிசல் காட்டுத் தலித் பிள்ளைகள் எத்தனை பேர்? பரிந்துரைக்கும் குழுவில் எத்தனை பேர்? அசரியாவின் பெயரைப் போற்றுவோர் முதலில் இவ்விரு எண்ணிக்கைகளையும் வெளியிடட்டும்.